பாம்பு கண்டா அடிக்காம பதியிறது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு முழு வழிகாட்டி

நம்மட பக்கம் பாம்பு கண்டா ரெண்டு வேலைதான் நடக்கும். ஒண்டு, பொல்லெடுத்து அடிச்சு, கம்புல தூக்கி வச்சு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுறது. மற்றது, "ஐயோ பாம்பு" எண்டு கத்திட்டு அங்கால போயிர்றது. ரெண்டுலயும் தேவையான தகவல் தொலைஞ்சு போகுது: எந்த இடம், எத்தின மணி, அந்த நேரம் ஆக்கள் என்ன செஞ்சிட்டு இருந்தாங்க. கடியைக் குறைக்கிறதுக்கு டொக்டர்மாருக்கும் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கும் உண்மையா உதவுறது இந்த மூண்டும்தான், பாம்பு எத்தின அடி நீளம் எண்டது இல்ல.

இலங்கையில 2012, 2013 காலத்துல நாடு முழுக்க வீடு வீடாப் போய் ஒரு கணக்கெடுப்பு செஞ்சாங்க, 44,136 வீடு. அதுல வந்த மதிப்பீடு என்னண்டா, ஒரு வருசத்துல கிட்டத்தட்ட 80,000 பேருக்கு கடி, அதுல 30,000 பேருக்கு மேல விசம் ஏறியிருக்கு, 400 பேருக்கு மேல செத்திருக்காங்க. ஆஸ்பத்திரிப் பதிவுல இருக்கிற கணக்க விட இது நிறையக் கூட. கடி வாங்கின கொஞ்சப் பேர் பரியாரிட்ட (நாட்டு வைத்தியர்ட்ட) மருந்து கட்டிட்டு அப்பிடியே வீட்ட போயிருவாங்க, அவங்கட பேர் எந்தப் புத்தகத்துலயும் ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2017ல பாம்புக்கடிய கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய் லிஸ்ட்ல சேர்த்து, 2030க்குள்ள சாவையும் ஊனத்தையும் பாதியாக் குறைக்கணும் எண்டு இலக்கு வச்சிருக்கு. ஆனா வெல்லாவெளியில எந்த வட்டையில (வயல்வெளியில) எந்த மாசம் புடையன் பாம்பு கூட வருது எண்டு ஜெனீவாவுல இருந்து யாரும் வந்து பார்க்கப் போறல்ல, அது அங்க வரம்புல நடக்கிற ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் தனக்குத் தெரிஞ்சத ஒழுங்கா எழுதி வச்சா அதுதான் சிட்டிசன் சயன்ஸ், டிகிரி ஒண்டும் தேவையில்ல.

முதல்ல ஆள யாரெண்டு தெரிஞ்சு வைங்க

எல்லாப் பாம்பும் படிக்கத் தேவையில்ல. உயிர எடுக்கக்கூடியது கொஞ்சம்தான், அதையும் அதுமாதிரியே இருக்கிற விசமில்லாத பாம்பையும் பிரிக்கத் தெரிஞ்சாக் காணும்.

நாகம் எல்லாருக்கும் தெரியும், படம் எடுத்தா பின்னால கண்ணாடி மாதிரி அடையாளம். படம் எடுக்காம ஊர்ந்து போகக்குள்ள சாரைய நாகமெண்டும் நாகத்த சாரையெண்டும் மாறிச் சொல்ற ஆக்கள் இருக்காங்க, அதால "நாகம்" எண்டு வாய்ச்சொல்லால மட்டும் வாற பதிவ நான் அரைவாசிதான் நம்புவன்.

கண்ணாடி விரியன், அனேகம் பேர் புடையன் எண்டு சொல்றது. தடிச்ச உடம்பு, முக்கோணத் தலை, முதுகுல நீளத்துக்கு மூணு வரிசையா முட்டை வடிவப் புள்ளி, கிட்டப் போனா பெரிய சத்தமாச் சீறும். வட்டைப் பாம்பு இதுதான். எலி எங்கயோ அங்க இது. குட்டி வெங்கணாந்திய (மலைப்பாம்ப) இதெண்டு நெனச்சு அடிக்கிறது நம்மட ஊருல சர்வசாதாரணம், வெங்கணாந்திட திட்டுகள் ஒழுங்கில்லாம பெருசு பெருசா இருக்கும், வரிசையா இருக்காது.

சுருட்டை விரியன் சின்னது, ஒரு முழம் வந்தாப் பெரிய விசயம். கரையோர மணல் காணி, காஞ்ச பத்தை. உடம்பச் சுருட்டி செதிலை உரசி "சர்ர்" எண்டு ஒரு சத்தம் வரும்.

கோப்பி விரியன் மரநிழல், காஞ்ச சருகு, தோட்டக் காணி. மூக்கு நுனி மேல தூக்கி இருக்கும். சின்னப் பாம்புதானே எண்டு விடாதீங்க, சிலருக்கு சிறுநீரகம் பழுதாகும், ரத்தம் உறையாமப் போகும். இதுக்கு நம்மட ஆஸ்பத்திரில இருக்கிற இந்திய விசமுறிவு மருந்து வேலை செய்யாது. அந்த மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எண்ட நாலுக்கும் எதிராச் செய்தது. அப்ப எந்தப் பிரதேசத்துல கோப்பி விரியன் கூட எண்டு வரைபடம் இருந்தா அது டொக்டர்மாருக்கு எவ்வளவு பெறுமதி எண்டு யோசிச்சுப் பாருங்க.

இனி கட்டு விரியன். சில ஊர்ல எண்ணெய் விரியன் எண்டும் சொல்வாங்க. என்னைக் கேட்டா இந்தப் பாம்புக்குத்தான் பதிவு கூடத் தேவை, ஏனெண்டா இது ராவுல வீட்டுக்குள்ள வந்து நிலத்துல பாய் போட்டுப் படுத்திருக்கிற ஆளக் கடிக்கும், கடி நோகாது, அடையாளமும் சில நேரம் தெரியாது, விடியக்குள்ள வயித்துக்குத்து எண்டு எழும்புவாங்க, மறுகா கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிண்டுரும். வீட்டாக்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல எண்டு நெனச்சு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுத்துட்டு இருப்பாங்க. பாம்பு கறுப்பு மினுக்கம், மெல்லிய வெள்ளைக் கோடு ரெண்டு ரெண்டாச் சேர்ந்து வரும், கழுத்துப் பக்கம் கோடு இருக்காது இல்லாட்டி மங்கலா இருக்கும், வாலுக்குப் போகப் போகத் தெளிவா வரும். முதுகு நடுவால ஓடுற ஒரு வரிசைச் செதில் மட்டும் பெருசா ஆறு மூலையா இருக்கும். இதோட மாறிப் போறது ஓநாய்ப் பாம்பு, விசமில்லாதது, சுவர் ஏறும், கோடு கழுத்துல இருந்தே தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கிரும். அப்ப கோடு எங்க தெளிவு எண்டு பாருங்க: முன்னாலயா பின்னாலயா. இது ஒரு துப்புத்தான், இதை வச்சு "விசமில்ல" எண்டு கையில தூக்கிராதீங்க. முடிவு போட்டோ பார்த்துச் சொல்றவங்க சொல்லட்டும்.

வாவியிலயும் கடல்லயும் வலை இழுக்கிற ஆக்களுக்கு: வால் துடுப்பு மாதிரித் தட்டையா இருந்தா கடல்பாம்பு எண்டே எடுங்க. தரைப் பாம்புட விசமுறிவு மருந்து அதுக்குச் சரிவராது. வலையில வந்தத கையால கழட்டாதீங்க.

போன் ரெடி பண்ணுறது

கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன் ஒன் பண்ணி வைங்க. வட்டைக்குள்ள சிக்னல் இல்லையே எண்டு கவலப்படத் தேவையில்ல, ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேணாம், போட்டோக்குள்ளயே இடம் பதியும், வீட்ட வந்து வைபைல ஏத்தலாம். போன்ட திகதி நேரம் சரியா எண்டும் ஒருக்காப் பாருங்க.

கண்ட உயிரினங்களப் படத்தோட பதியிற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ப இறக்கி ஒரு கணக்குத் திறங்க. 2008ல தொடங்கினது, காசில்ல. கணக்குப் பேரா சொந்தப் பேர் போடணும் எண்டு கட்டாயமில்ல. ஆப்பும் எடுத்த உடனே படத்தப் பார்த்து ஒரு பேர் சொல்லும், அது அனேகமா உதவியா இருக்கும், ஆனா கட்டு விரியன் விசயத்துல மெஷின் சொன்னத நம்பி உயிர வைக்காதீங்க.

போட்டோ எடுக்கிற விதம்

பாம்பு தன்ட நீளத்துல அரைவாசி தூரம் வரைக்கும் லேசாப் பாய்ஞ்சு கொத்தும். அதால ரெண்டு மீற்றருக்குள்ள போகவே வேணாம், மூண்டு மீற்றர் நல்லது, மிச்சத்த சூம் பார்த்துக்கொள்ளட்டும். புல்லுக்குள்ள ஒண்டு தெரிஞ்சா பக்கத்துல இன்னொண்டு இருக்கலாம், நிக்கிற காலடியையும் பாருங்க. ராவெண்டா டோர்ச்சும் சப்பாத்தும் இல்லாமப் போகாதீங்க, போன்ட லைட்ட மட்டும் நம்பாதீங்க.

ஒரு படம் காணாது. முழு உடம்பு ஒண்டு, தலை ஒண்டு, முதுகுக் கோலம் ஒண்டு, சுத்தி இருக்கிற இடம் ஒண்டு. கடைசிப் படத்த எல்லாரும் விட்டிருவாங்க, ஆனா வைக்கோல் கும்பியா, விறகு அடுக்கா, கோழிக்கூடா, மலசலகூடமா எண்டு அதுலதான் தெரியும். பாம்பு ஓடிட்டா விடுங்க, மங்கல் படமும் படம்தான். வாலப் பிடிச்சு இழுத்து "நல்ல போஸ்" எடுக்கிற பொடியன்மாருக்கு ஒண்டு சொல்றன், அந்த போட்டோவுக்கு லைக் வரும், பதிவுக்கு ஒரு பிரயோசனமும் வராது, இடமும் நிலையும் மாறிட்டுது.

செத்த பாம்பும் பதிவுதான், கைய மட்டும் வைக்காதீங்க. வெட்டுப்பட்ட தலையும் கொஞ்ச நேரத்துக்கு கடிக்கும், விசமும் ஏறும். கம்பால திருப்பிப் போட்டு வயித்துப் பக்கமும் எடுங்க. அளவு தெரிய பக்கத்துல ஒரு செருப்ப வைங்க.

பாம்ப பிடிக்கிற ஆள் வந்து பிடிச்சுக்கொண்டு போனா, பதியிறது பிடிச்ச இடம், விட்ட இடம் இல்ல. வீட்டுக்குள்ள வந்து நிக்குதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துட 1992 நம்பருக்கு எடுங்க.

என்னென்ன எழுதணும்

ஒரு சிஆர் கொப்பி போதும், இல்லாட்டி போன்ல ஒரு ஷீட். திகதி, நேரம், ஜிஎஸ் (கிராம சேவகர்) பிரிவு, இடத்துட வகை, மழையா வெயிலா, வெளிச்சமா இருட்டா, பாம்பு உயிரோடயா செத்தா, அந்த நேரம் ஆக்கள் செஞ்ச வேலை. இதுல கடைசி ரெண்டையும் விட்டிராதீங்க. "வயல்ல கண்டது" எண்டு எழுதினா ஒண்டுக்கும் உதவாது. "வேளாண்மை வெட்டுற அண்டு, பின்னேரம் 5.30, மெஷின் வெட்டி மிச்சம் இருந்த கடைசித் துண்டு, வெறுங்காலோட வரம்புல நடந்த ஆள் கண்டது" எண்டு எழுதினா அதுல எல்லாம் இருக்கு. மெஷின் சுத்தி வெட்டி வரக்குள்ள எலியும் பாம்பும் அந்தக் கடைசித் துண்டுக்குள்ளதான் ஒதுங்கும், அதுக்குள்ள கால வைக்கிற முதல் ஆள் யாரெண்டு வட்டையில வேலை செஞ்ச எல்லாருக்கும் தெரியும்.

ஊர்ப் பேரையும் எழுதுங்க, ஆனா படத்தோட சேர்த்து எழுதுங்க. விரியன் எண்டு ஒரே பேர ஊருக்கு ஊர் வேற வேற பாம்புக்குச் சொல்வாங்க.

இடம் சரியாத் தெரியாட்டி ஊர் நடுவுல பின் குத்தாதீங்க. ஆப்ல ஒரு வட்டம் வரும், அத பெருசாக்கி விடுங்க. சந்தேகத்த சந்தேகமாவே பதியிறது பொய்யான துல்லியத்த விட நல்லம்.

ஏத்துறது, மறைக்கிறது

ஐநேச்சுரலிஸ்ட்ல ஒரு பதிவுக்கு படம், திகதி, இடம் மூண்டும் இருந்து, பேர் சொல்ற ஆக்கள்ல மூண்டுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே இனம் எண்டு ஒத்துக்கொண்டா அது ஆராய்ச்சித் தரம் எண்டு மாறும். பதிவுட லைசன்சும் அதுக்கு இடம் குடுத்தா அங்க இருந்து ஜிபிஐஎப் எண்ட உலகத் தரவுத் தளத்துக்குப் போகும், யாரும் எடுத்து ஆராயலாம். உங்களுக்குப் பேர் தெரியாட்டி "பாம்பு" எண்டு மட்டும் போட்டு விடுங்க, தெரிஞ்சவங்க வந்து சொல்வாங்க. ஊகிச்சு எழுதுறத விட அது எவ்வளவோ மேல்.

வீட்டுவளவுல எடுத்த படத்துக்கு இடத்த மறைச்சுவிடுற ஒப்ஷன் இருக்கு, அதப் பாவிங்க. ரெண்டு காரணம். ஒண்டு உங்கட வீடு எங்க எண்டு உலகத்துக்குத் தெரியத் தேவையில்ல. மற்றது, பாம்பு இருக்கிற இடம் தெரிஞ்சா போய் அடிக்கிற ஆக்களும் பிடிச்சு விக்கிற ஆக்களும் இருக்காங்க. மறைச்சா 0.2 பாகைப் பெட்டிக்குள்ள எங்கயோ எண்டு மட்டும் காட்டும், அது பக்கத்துக்கு 22 கிலோமீற்றர் அளவு, வாவிட ரெண்டு கரையும் ஒரே பெட்டிக்குள்ள வந்துரும். சுகாதார வேலைக்கு அது காணாது. அதாலதான் ஜிஎஸ் பிரிவோட கொப்பியில தனியாவும் எழுதச் சொன்னது.

வாட்ஸ்அப் குரூப்ல படம் சேர்க்கிறீங்களா, கவனம். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படத்துக்குள்ள இருக்கிற இடமும் நேரமும் அழிஞ்சு போகும், தரமும் குறையும். டொக்கியுமென்ட் எண்டு அனுப்பச் சொல்லுங்க. போர்வர்டட் படங்கள சேர்க்கவே வேணாம், இந்தியாவுல எடுத்த ராஜநாகம் நம்மட கிரான்ல வந்ததெண்டு சுத்தும்.

ரோட்டுல அடிபட்ட பாம்பு: லேசான, ஆனா பலமான வேலை

மேல சொன்னதெல்லாம் தற்செயலாக் கண்டது. அதுல ஒரு பிழை ஒளிஞ்சிருக்கு. கொக்கட்டிச்சோலை டவுன் பக்கம் இருவது பதிவும் உள்வட்டையில ஒண்டுமில்லாமயும் இருந்தா டவுன்ல பாம்பு கூட எண்டு அர்த்தமில்ல, டவுன்ல போன் கூட. இத சமப்படுத்த ஒரே வழி, ஒரே ரோட்ட ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப பார்க்கிறது. வவுணதீவுல இருந்து ஆயித்தியமலைப் பக்கம், இல்லாட்டி சம்மாந்துறையில இருந்து மல்வத்தைப் பக்கம், ரெண்டு பக்கமும் வயல் இருக்கிற ஒரு துண்டு ரோட்டத் தெரிவு செய்யுங்க. வாரத்துல ஒரு நாள், விடிய வெளிச்சம் வந்த உடனே, காகமும் நாயும் தூக்க முன்ன. மோட்டர்சைக்கிள்ல ரெண்டு பேர், ஒருத்தர் மெதுவா ஓட்டணும் மற்றவர் பார்க்கணும், ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா அடுத்ததா அடிபடுறது பாம்பில்ல. வாவிக்கு மேற்க இருக்கிற படுவான்கரைப் பக்கம் எண்டா யானை ரோட்ட விட்டுப் போயிட்டா எண்டு ஊராக்கள்ட கேட்டுட்டு இறங்குங்க, பாம்ப எண்ணப் போய் யானைக்கிட்ட மாட்டவேணாம்.

ஒண்டும் காணாட்டியும் எழுதணும். "இண்டைக்கு பூச்சியம்" எண்ட வரி இல்லாட்டி எந்த மாசம் கூட எந்த மாசம் குறைவெண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது. பொடியன்மார் விடுற முதல் இடம் இதுதான், பூச்சியம் எழுதுறதுக்கு அவங்களுக்கு விசரா இருக்கும். விசமில்லாத பாம்பையும் எழுதுங்க, சாரையும் தண்ணிப்பாம்பும் சேர்ந்தாத்தான் விகிதம் வரும்.

கடி நடந்தா

அந்த நேரம் பதிவு, ஆப், போட்டோ எல்லாம் ரெண்டாம் பட்சம். 1990 அம்புலன்சுக்கு எடுங்க, பிந்தும் எண்டா கிடைக்கிற வாகனத்துல ஏத்துங்க. மோதிரம், காப்பு, கால்சங்கிலி கழட்டுங்க, வீங்கினா மறுகா கழட்டேலாது. கடிச்ச கைய காலை அசைக்காம வைங்க, நடக்க விடாதீங்க. கட்டிறுக்கிறது, கீறுறது, உறிஞ்சுறது, கல்லு வைக்கிறது ஒண்டும் வேணாம். சத்தி எடுத்தா இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைங்க. நிலத்துல படுத்த ஆள் விடிய வயித்துக்குத்து, கண் திறக்க ஏலாம இருக்கு எண்டு சொன்னா கடி அடையாளம் தேடிட்டு நிக்காதீங்க, கொண்டு போங்க.

பாம்ப அடிச்சு பையில போட்டுக் கொண்டு போற பழக்கத்த விடுங்க. டொக்டர்மார் ரத்தத்த ஒரு கண்ணாடிக் குழாய்ல எடுத்து 20 நிமிசம் வச்சு உறையுதா எண்டு பார்ப்பாங்க, கண் இமையப் பார்ப்பாங்க, குணங்குறியப் பார்த்து மருந்து குடுப்பாங்க. தூரத்துல எடுத்த படம் ஒண்டு இருந்தா உதவி, இல்லாட்டியும் பரவாயில்ல. கடிச்ச நேரத்த மட்டும் ஞாபகமா எழுதிக் குடுங்க. இன்னொண்டு, நம்மட நாட்டுக் கண்ணாடி விரியன் கடிச்சாலும் கண் இமை தொங்கும், அதால "இமை தொங்குது, அப்ப நாகம்தான்" எண்டு வாசல்ல நிண்டு நாம தீர்ப்புச் சொல்லத் தேவையில்ல.

ஆள் தேறி வீட்ட வந்த பிறகு, அவர் விரும்பினா மட்டும், கடி விவரத்தக் கேளுங்க. பேர், போன் நம்பர், முகம் ஒண்டும் எழுதவேணாம். வயசு எத்தினைக்குள்ள, ஆணா பெண்ணா, என்ன வேலை செஞ்சார், எங்க படுத்தார், வெளிச்சம் இருந்ததா, ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது, முதல்ல யாரிட்ட போனாங்க. பரியாரிமாரிட்டயும் மரியாதையாப் போய்க் கேளுங்க, ஆஸ்பத்திரிக் கணக்குல வராத கடி அவங்களுக்குத் தெரியும். "நீங்க பிழை" எண்டு தொடங்கினா கதவு பூட்டிரும், "ஐயா, எந்த மாசம் கூட வருவாங்க" எண்டு தொடங்கினா அவரே கட கடவெண்டு சொல்வார். நோயாளிகளப் பத்தி கூடப் பேர்ட தகவல் சேர்த்து வெளியிடுற எண்ணம் இருந்தா அது ஆராய்ச்சி, ஒழுக்கநெறி அனுமதி வேணும், கிழக்குப் பல்கலைக்கழகத்துட சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்துல ஒரு ஆளோட கதைச்சுட்டு மறுகா தொடங்குங்க.

சேர்த்தத என்ன செய்யிறது

மாசக் கடைசில எண்ணுங்க: ஜிஎஸ் பிரிவு, பாம்பு, பகல் இரவு, செஞ்ச வேலை. ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாக்களுக்கு நேரம் இல்ல. "இந்த ரெண்டு பிரிவுல ராவுல வீட்டுக்குள்ள கட்டு விரியன் வருது" எண்டு தாளோட போனா, நிலத்துல படுக்கிற ஆக்களுக்கு நுளம்பு வலைய பாய்க்கு அடியில சொருகிப் படுக்கச் சொல்லலாம். நேபாளத்துட தென்கிழக்குல செஞ்சு 2007ல வெளிவந்த ஆய்வொண்டுல வலைக்குள்ள படுத்தவங்களுக்குக் கடி குறைவெண்டு காட்டியிருக்காங்க. டெங்குவுக்கு வாங்கின வலையே காணும். "இந்த வட்டையில வெட்டு நேரம் புடையன்" எண்டா விவசாய சங்கக் கூட்டத்துல வட்டவிதானையோட (வட்டையப் பொறுப்பாப் பார்க்கிறவரோட) கதைச்சு சப்பாத்து, பின்னேரம் டோர்ச், கடைசித் துண்டுல ஆள் இறங்க முன்ன சத்தம் போட்டு விரட்டுறது எண்டு முடிவெடுக்கலாம்.

மாரி வெள்ளத்துக்குத் தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க. நவம்பர், டிசம்பர்ல தண்ணி ஏற மேட்டுக் காணிக்கும் பாடசாலைக்கும் ஆக்கள் மட்டுமில்ல பாம்பும்தான் போகும். இடைத்தங்கல் முகாம்ல கண்டத அண்டைக்கே பிஎச்ஐக்குச் சொல்லணும், மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கிற தகவல் இல்ல அது. பெரும்போக வெட்டுக்கான தாள் ஜனவரி தொடக்கத்துலயே அவங்கட கையில இருக்கணும். மார்ச்ல கொண்டு போய்க் குடுத்தா வெட்டும் முடிஞ்சு சூடும் அடிச்சு நெல்லும் வித்திருப்பாங்க.